லிண்டாவும் என் முந்நூறு யூனிட்டும்

ஒக்டோபர் 6, திங்கள்

காலைச் சுற்று முடிந்து, பிள்ளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்ட பிறகு, வெறும் பஸ்ஸுக்குள் இருந்து முந்நூறு யூனிட் வாங்கினேன். ஒன்று இருபது டொலர். ஐம்பத்தாறு வயதில் நான் யாரையும் கேட்காமல் வாங்கிய மிகப் பெரிய பொருள் இதுதான்.

பிட்காயினை நேரடியாக வாங்கவில்லை. அதை வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் ஒரு நிதியின் யூனிட்டுகளை, ரொரன்ரோ பங்குச்சந்தையில், ஒரு இணையத் தரகுக் கணக்கு வழியாக வாங்கினேன். கணக்குத் திறக்க மூன்று கிழமை எடுத்தது. கடவுச்சீட்டுப் படம், வேலை விபரம், பிறகு ஒரு நீளமான கேள்விப் பட்டியல். ‘நீங்கள் போட்ட பணம் பாதியாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள்?’ நான்கு பதில் கொடுத்திருந்தார்கள். ‘ஒன்றும் செய்யமாட்டேன்’ என்பதை அழுத்தினேன். 

இந்த ஆறாயிரம் இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஹொக்கி அணிகளை ஏற்றி இறக்கிச் சேர்த்தது. போனாலும் சோறு நிற்காது. இதற்கு மேல் ஒரு சதமும் போடமாட்டேன். அதை எழுதி வைக்கத்தான் இந்தக் கொப்பி.

ஒக்டோபர் 9, வியாழன்

இவரிடம் சொன்னேன். மறைத்து வைக்க நான் என்ன களவா எடுத்தேன்?

இவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “யோகமலர் பிட்காயின் வாங்கியிருக்கிறா! பஸ் ஓடுறதை விட்டிட்டு இனி வோல் ஸ்ட்ரீட்டுக்குப் போகப் போறீரோ?”

“போகேல்லை. பின்னேரம் மூண்டு மணிக்குச் சுற்று இருக்கு.”

“ஏன் என்னைக் கேக்கேல்லை?”

“என்ரை காசு.”

முப்பது வருடத்தில் இந்த இரண்டு சொல்லையும் இவரிடம் நான் சேர்த்துச் சொன்னதில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. இவர் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையை மூடி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அதை நான் நினைத்துக்கொண்டு சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் நினைத்தேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

ஒரு யூனிட் இன்று 21.40. தினமும் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒக்டோபர் 22, புதன்

21.15.

நவம்பர் 3, திங்கள்

பஸ்ஸின் பின்பக்க அவசரக் கதவு சரியாகப் பூட்டவில்லை. பழுதுபார்ப்பவர் வந்து பார்க்கும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று நின்றேன். கட்டுப்பாட்டு அறைப் பெண் மூன்று தரம் பஸ் ரேடியோவில் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள். “நாப்பத்தி ரெண்டு பிள்ளையள் இருக்குதுகள். கதவு பூட்டினால்தான் எடுப்பன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் நிலவறையில் போனில் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தார். “யெஸ் லிண்டா, யெஸ், ஐ அண்டர்ஸ்ராண்ட்.” யார் என்று கேட்டேன். முதலீட்டு ஆலோசகராம். முகநூலில் வந்த ஒரு விளம்பரம் வழியாகக் கிடைத்தவராம். ரொரன்ரோ டவுன்ரவுனில் கந்தோராம்.

“உம்மடை நிதிக்காரங்கள் வருசா வருசம் கட்டணம் எடுக்கிறாங்கள். நடுவிலை தரகன் வேறை. நான் நேரடியா வாங்கிறன். லிண்டா சொல்லுற நேரத்துக்கு வாங்கி, சொல்லுற நேரத்துக்கு விக்கிறது. அவ்வளவுதான்.”

“லிண்டாவைக் கண்டனீங்களோ?”

“ஏன் காண வேணும்? உம்மடை தரகனை நீர் கண்டனீரோ?”

நான் சோறு வடிக்கப் போனேன்.

நவம்பர் 20, வியாழன்

17.80. நான் பார்க்கவில்லை, செய்தியில் சொன்னார்கள்.

இவருடையது ஏறியிருக்கிறதாம். மேசையில் போனைத் திருப்பி எனக்குக் காட்டினார். பச்சை நிறக் கோடு மாடிப்படி மாதிரி மேலே போகிறது.

நவம்பர் 28, வெள்ளி

மகள் ஆரணி ஒட்டாவாவிலிருந்து கூப்பிட்டாள். “அம்மா, உங்கடை விழுந்திட்டுதாமே? அப்பா சொன்னவர். அப்பான்ரை நல்லா ஓடுதாம். நீங்களும் அப்பாவோடையே போட்டிருக்கலாம்.”

“நான் போட்ட இடத்திலை போட்டிருக்கிறன்.”

“ஏன் அம்மா கோவம்?”

“எனக்கென்ன கோவம்?”

கறிக்கு உப்புக் கூடிவிட்டது. இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். வெல்கிறவருக்கு உப்புக் கரிக்காது போல.

டிசம்பர் 9, செவ்வாய்

15.60. முந்நூறையும் விற்கும்படி கட்டளை போட்டேன். உறுதிசெய் என்று ஒரு நீலப் பொத்தான் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பஸ் கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிறகு பின்னால் போய்க் கட்டளையை நீக்கினேன்.

இவருக்காக விற்பதென்றால் விற்கவே மாட்டேன். எனக்காக விற்பதென்றால் யோசிக்கலாம். இன்று எனக்காக இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

இவர் எனக்குக் குளிர்ச்சட்டை வாங்கி வந்தார். விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை, நான் பார்க்க வேண்டுமென்றே விட்டிருக்கிறார். எழுநூறு டொலர். “லாபத்திலை இருந்து எடுத்தீங்களோ?” என்று கேட்டேன். “லாபத்தை இப்ப எடுக்கக் கூடாது எண்டு லிண்டா சொன்னவ. கிரெடிட் கார்ட்டிலை போட்டனான். பேந்து கட்டலாம்” என்றார்.

நல்ல சட்டை. கை சரியாக இருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

உலகம் முழுக்க விலை விழுகிறது. வானொலியில் சொல்கிறார்கள், சக சாரதி பிலிப்பினோப் பெண் மரிசெல் சொல்கிறாள், என் கணக்கு சொல்கிறது. இவருடையது மட்டும் ஏறுகிறது.

அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. காருக்குப் பனிச் சில்லுகள் மாற்றியாயிற்று.

ஜனவரி 8, வியாழன்

கேட்டுவிட்டேன். சண்டையாகக் கேட்கவில்லை. இடியப்பம் பிழிந்துகொண்டு கேட்டேன்.

“எவ்வளவு போட்டனீங்கள்?”

“நாப்பது.”

“நாப்பது நூறோ?”

“ஆயிரம்.”

தொழிற்சாலை மூடும்போது கொடுத்த பணம் முழுவதும். இருபத்திரண்டு வருட வேலை.

“இப்ப நூற்றிப் பன்ரண்டாயிரம் நிக்குது மலர்! நீர் பாரும், நான் கணக்குத் தெரியாதவனெண்டு நினைச்சுக் கொண்டிருந்தனீர். உம்மடை முந்நூறையும் வித்துப்போட்டு இதுக்குள்ளை போடும். லிண்டா சித்திரைக்குள்ளை இந்தத் திட்டத்தை மூடப் போறாவாம்.”

“அதிலை ஆயிரத்தை எடுத்து மேசையிலை வையுங்கோ. அதுக்குப் பிறகு கதைப்பம்.”

“என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“உங்களிலை இருக்கு.”

“அப்ப?”

நான் இடியப்பத் தட்டை நீராவிச் சட்டிக்குள் வைத்து மூடினேன். இவர் எழும்பிப் போய்விட்டார். ஆயிரம் மேசைக்கு வரவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

13.90. இவர் நிலவறையை விட்டு வருவதில்லை. சாப்பாட்டைக் கீழே கொண்டுபோய் வைக்கிறேன். கதவு திறக்கும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறார். முகம் வெளிறியிருக்கிறது. குளிர்காலம் எல்லாரையும் அப்படித்தான் ஆக்கும்.

பெப்ரவரி 11, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிய ஐந்தரைக்குச் செய்தி வந்தது: பனிப்புயல், பஸ்கள் ஓடா. திரும்பிப் படுத்துவிட்டேன். பத்து மணிபோல வாசல் மணி அடித்தது. பக்கத்துத் தெருப் பேரம்பலம் அண்ணை. முழங்கால் மட்டும் பனி. அறுபத்தேழு வயது, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை. இந்தப் பனியில் நடந்தே வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

“தங்கச்சி, இண்டைக்கு வேலை இல்லையோ?”

“பஸ் ஓடேல்லை அண்ணை. வாங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

இவர் நிலவறைப் படியால் அவசரமாக ஏறி வந்தார். நான் வீட்டில் நிற்பேன் என்று இவரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் வானிலையைப் பற்றிக் கதைத்தார்கள். பேரம்பலம் அண்ணை சட்டையின் உட்பையை ஒரு கையால் அமத்திப் பிடித்தபடியே தேநீர் குடித்தார்.

“அண்ணை, அந்தப் பையுக்குள்ளை என்ன?”

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “நித்திக்குக் குடுக்க ஒரு வங்கிக் காசோலை, தங்கச்சி. இருபத்தையாயிரம். நித்தி என்னையும் சேர்க்கிறன் எண்டவன்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

“ஏன் இவரிட்டைக் குடுக்கிறீங்கள்? நேரை லிண்டாவுக்கு அனுப்பலாமே?”

“அது... நித்தி தன்ரை கணக்காலை போட்டால் வரியிலை ஏதோ கழிவாம்.”

“மலர், நீர் உள்ளுக்குப் போம்” என்றார் இவர்.

நான் போகவில்லை. போனை எடுத்துத் தரகுக் கணக்கைத் திறந்து மேசையில், பேரம்பலம் அண்ணைக்கு முன்னால் வைத்தேன்.

“அண்ணை, இது என்ரை. முந்நூறு யூனிட். இருபதுக்கு வாங்கினனான். இண்டைக்குப் பதின்மூண்டு. மூண்டிலை ஒரு பங்கு போயிட்டுது. எல்லாருக்கும் தெரியும், இவரும் ஊர் முழுக்கச் சொல்லிப் போட்டார். ஒளிக்க ஒண்டுமில்லை. இப்ப பாருங்கோ.”

பத்து யூனிட் விற்கக் கட்டளை போட்டேன். நீலப் பொத்தான். அழுத்தினேன். கேத்தில் கொதித்து அடங்கும் நேரம்கூட ஆகவில்லை. விற்றாயிற்று. நூற்றி முப்பது டொலர்.

“நாளைக்கு இந்தக் காசு என்ரை வங்கிக்கு எடுக்கலாம். நட்டம்தான். ஆனால் என்ரை நட்டம், என்ரை கையிலை.” இவர் பக்கம் திரும்பினேன். “இப்ப நீங்கள் எடுங்கோ. நூறு டொலர். நூற்றிப் பன்ரண்டாயிரத்திலை ஒரு நூறு.”

“இதென்ன கோமாளிக் கூத்து?”

“நித்தி,” என்றார் பேரம்பலம் அண்ணை மெதுவாக, “எடன். நூறு தானே.”

இவர் போனை எடுத்தார்.  என்னவோ அழுத்தினார். பிறகு போனைக் கீழே வைத்தார். பேரம்பலம் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பணம் எடுப்பதற்கு முன் பதினெட்டு வீத வரியை, அதாவது இருபதினாயிரத்துச் சொச்சம் டொலரை, முதலில் வைப்பிலிட வேண்டும். கெடு வெள்ளிக்கிழமை. தவறினால் கணக்கு முடக்கப்படும்.

“இருபது,” என்றார் பேரம்பலம் அண்ணை. பிறகு தன் உட்பையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். “நித்தி, என்ரை காசு... முதலீட்டுக்கோ? அல்லது இதுக்கோ?”

இவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திருப்பித் தந்திருப்பன் அண்ணை,” என்றார் கடைசியில். “சத்தியமா. ரெட்டிப்பாத் தந்திருப்பன். இது வந்தவுடனை...”

“வராது,” என்றேன் நான்.

“உமக்கென்ன தெரியும்?”

“எனக்கு விழுந்திருக்கு. உலகத்துக்கே விழுந்திருக்கு. உங்களுக்கு மட்டும் என்னண்டு ஏறினது? அது கணக்கில்லை. படம்.”

பேரம்பலம் அண்ணை எழும்பினார். சப்பாத்துப் போட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. நான் குனிந்து நாடாவைக் கட்டிவிட்டேன். வாசலில் நின்று இவரை நோக்கி ஒன்றே ஒன்று சொன்னார். “நீ கேட்டிருந்தால் கடனாத் தந்திருப்பன்ரா.”

கதவு பூட்டியதும் இவர் சொன்னார்: “ஒரு மனிசனுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப் போட்டீர்.”

“ஓம்,” என்றேன். “திரும்பவும் செய்வன்.”

பெப்ரவரி 12, வியாழன்

இன்று சாப்பாட்டைக் கீழே கொண்டுபோகவில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

லிண்டா பதினாறு தரம் கூப்பிட்டாள். இவர் எடுக்கவில்லை. பின்னேரச் சுற்று முடிந்து நான் வந்தபோது கூடத்தில் இருந்தார், போன் எதிரே மேசையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“எடுக்கட்டோ?” என்று என்னைக் கேட்டார்.

“உங்கடை போன்.”

அது நிற்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

இங்கே நேர்மையாக எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது.

எனக்கு டிசம்பரிலேயே தெரியும். விலை விழ விழ இவருடையது ஏறியபோதே தெரியும். அந்த நாள் கொப்பியில் பனிச் சில்லைப் பற்றி எழுதினேன். ஏன் அன்றைக்கே போனைப் பறித்துப் பார்க்கவில்லை? இவர் விழட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். எல்லாரிடமும் என் முந்நூறைச் சொல்லிச் சிரித்தாரே, அதற்காக. நாற்பதாயிரமும் அதற்கு முன்பே போய்விட்டது என்று இன்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அன்று பஸ் ஓடியிருந்தால் பேரம்பலம் அண்ணையின் இருபத்தைந்தும் போயிருக்கும். பனி கொட்டியதால் தப்பியது. என்னுடைய கெட்டித்தனத்தால் அல்ல.

இதை இவரிடம் சொன்னேன். குசினியில், பாத்திரம் கழுவிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி சொன்னேன். 

“எனக்கும் தெரியும் மலர்,” என்றார். “ஜனவரியிலை தெரிஞ்சிட்டுது. நம்பாட்டில் போன காசு போனதாப் போயிடும். அதாலை நம்பினனான்.”

பிறகு துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைத்தார்.

பெப்ரவரி 18, புதன்

காவல் நிலையம். நான் கதைப்பேன் என்று நினைத்து அந்த அதிகாரி என்னையே பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவரே கதைத்தார். செய்திகள், அனுப்பிய கணக்கு இலக்கங்கள், திகதிகள் எல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தார். ஒரு மணித்தியாலம். காசு திரும்பி வருமா என்று கேட்டதற்கு அதிகாரி இல்லையென்று மெதுவாகத் தலையை ஆட்டினார். லிண்டா என்று யாரும் இல்லை என்றார்.

காருக்குள் வந்து இருந்து இவர் அழுதார். தொழிற்சாலை மூடிய நாளில்கூட அழாதவர். நான் கையைப் பிடிக்கவில்லை. கார்ச் சூட்டைக் கூட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

பெப்ரவரி 20, வெள்ளி

ஆரணி கூப்பிட்டாள். இவரே சொன்னார். அவள் அழுதாள், பிறகு என்னைக் கேட்டாள். “அம்மா, உங்கடையையும் வித்துப் போடுங்கோவன். இனியும் ஏன் இந்த வேலை?”

“ஒரு களவாளி பிட்காயின் எண்ட பேரைச் சொன்னதுக்காக நான் ஏன் விக்க வேணும்? நான் போட்டது போனாலும் தாங்கிற காசு. விக்கிற நாளை நான் சொல்லுறன்.”

“பயமில்லையோ அம்மா?”

“இருக்கு,” என்றேன். “தினமும் ஏழு தரம் பாக்கிறன்.”

இருநூற்றித் தொண்ணூறு யூனிட். 12.70.

மார்ச் 2, திங்கள்

இவர் பேரம்பலம் அண்ணை வீட்டுக்குப் போனார். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. “பனி வழிச்சுக் குடுத்தனான்” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 8, ஞாயிறு

இவருடைய கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மதிய விருந்து. மார்க்கம் வீதியில் ஒரு மண்டபம். நூற்றைம்பது பேர் இருக்கும். போகமாட்டார் என்று நினைத்தேன். காலையிலேயே சவரம் செய்து கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

செயலாளரின் அறிக்கை முடிந்ததும் இவர் எழும்பி, இரண்டு நிமிடம் தர முடியுமா என்று கேட்டார். ஒலிவாங்கியைப் பிடித்ததும் அது கீச்சிட்டது. மண்டபம் சிரித்தது.

“நான் நித்தியானந்தன். எழுபத்தி ஒம்பதாம் ஆண்டுப் பிரிவு. லிண்டா எண்டு ஒருத்தி என்னட்டை நாப்பதினாயிரம் டொலர் எடுத்தவள். எடுத்தவளெண்டு சொல்லக் கூடாது. நான் குடுத்தனான்.”

பின்மேசையில் யாரோ, “லிண்டா வடிவோ அண்ணை?” என்று கத்தினார். இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் கதிரையை முழுவதுமாகத் திருப்பிப் போட்டு, அந்த மேசையைப் பார்த்தபடி இருந்தேன். சிரிப்பு அடங்கும்வரை திரும்பவில்லை.

இவர் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். விளம்பரம், பச்சைக் கோடு, எடுக்கப் போனால் வரி. தன் சினேகிதனின் காசைக் கேட்டதையும் சொன்னார். பேரம்பலம் அண்ணை மூன்றாவது மேசையில் இருந்தார். தலையைக் குனியவில்லை. “பிட்காயின் வாங்கிறதும் வாங்காததும் உங்கடை விருப்பம். என்ரை மனிசியும் வைச்சிருக்கிறா, பங்குச்சந்தையிலை, தன்ரை பேரிலை. அது விழும், ஏறும். ஆனால் விக்கலாம். எடுக்க விடாத இடத்திலை ஒரு சதமும் போடாதேங்கோ. யாருக்கும் இப்பிடி நடந்திருந்தால் வெக்கப்படாமல் வாங்கோ, பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போறன். வழி தெரியும்.”

கைதட்டல் அதிகம் இல்லை. எல்லாரும் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள். யாரும் இவருக்குக் கிட்ட வரவில்லை. தனியாகக் கோழிக்கறி போட்டுச் சாப்பிட்டார்.  நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். ஓடிப் போகிறவர்கள் மாதிரி போகக் கூடாது.

புறப்படும்போது சட்டைகள் கொழுவும் இடத்தில் ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டாள். நாற்பது வயதிருக்கும். முன்பின் தெரியாத முகம்.

“அக்கா, ஒரு நிமிசம். உங்கடை அவர் சொன்னாரே, அந்த லிண்டா...” சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எங்கடை வீட்டிலை அவளுக்குப் பேர் எமிலி.”

நான் ஒரு கை போட்டிருந்த சட்டையைக் கழற்றினேன்.

“உம்மடை அவர் எங்கை பிள்ளை?”

“காருக்குள்ளை. உங்கடை அவர் கதைக்கத் தொடங்கினவுடனை எழும்பிப் போனவர். இறங்க மாட்டாராம்.”

இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. குளிர்ச்சட்டைகூடப் போடாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். நானும் அந்தப் பிள்ளையும் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்றில் இவருடைய கழுத்துப்பட்டி தோளுக்கு மேலால் பறந்தது. சாம்பல் நிறக் கார் ஒன்றின் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கவில்லை. திரும்பவும் தட்டினார். பிறகு, போகிற எண்ணமே இல்லாதவர் மாதிரி, காரில் சாய்ந்துகொண்டு உள்ளே பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்.